பூட்டிய ஸ்டோருக்குப் பொட்டு வைத்தது யார்?

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் ஈப்போவின் சிலிபின் பக்கம் ஏணி பிடித்துக்கொண்டு நிற்பதற்காக நான் இந்த வேலைக்கு வரவில்லை. துப்பறியும் ஆபீஸ் என்றார்கள், ஏர்கோன் இருக்கும் என்று நம்பி வந்தேன். புனிதா அக்காவுக்கு அவர் நடந்து போகிற இடமெல்லாம் ஆபீஸ்தான். இருபத்திரண்டு வருஷம் ஈப்போவில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதிய பெண்மணி. அந்த வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. நான் பவித்ரன், முப்பத்தெட்டு வயசு. அக்காவுக்குக் கார் ஓட்டுவேன், ஏணி பிடிப்பேன், திட்டும் வாங்குவேன்.

"மணி என்ன?" என்று வாசல் மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஏணி உச்சியிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"ரெண்டு பத்து. போன தடவ கேட்டப்ப ரெண்டு ஒன்பது."

நாலு மணிதான் கெடு. வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்ற தினேஸ்வரிக்கு அந்த நாலு மணி ஒரு பெரிய பாறாங்கல். முப்பது வயது தாண்டியவள். தனியாக இந்த வாடகை வீட்டில் இருந்துகொண்டு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். மூன்று தடவை பரீட்சை எழுதி, கடைசியில் சிறைக் காவலர் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பயிற்சி முகாமில் நிற்க வேண்டும். பேரில் ஒரு போலீஸ் கேஸ் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த தடவை எழுத வயதும் இடம் கொடுக்காது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நடந்தது இதுதான். புதன்கிழமை மின்சாரக் கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தார்கள். மீட்டருக்குள் கரண்ட் போவதற்கு முன்பே ஒரு வயர் பிரிந்து, கூரைக்குள் ஓடி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோருக்குப் போயிருக்கிறது. அங்கே பிட்காயின் என்கிற கம்ப்யூட்டர் காசு எடுக்கும் மெஷின்கள் இருபதுக்கு மேல் இரவு பகலாக ஓடியிருக்கும் என்று அவர்கள் சொன்னார்கள். போன செப்டம்பரிலிருந்து இந்தத் திருட்டு நடக்கிறதாம். மெஷின்கள் அதற்குள் மாயமாகிவிட்டன. மீட்டர் கணக்கு தினேஸ்வரி பேரில் இருக்கிறது. அவள் குடி வரும்போதே வீட்டுச் சொந்தக்காரர் கணக்கை அவள் பேருக்கு மாற்ற வைத்திருந்தார்.

வீட்டுக்காரர் கதிரவேலு ஐயா ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். வயர் இழுத்தது நான்தான் என்று தினேஸ்வரி கையெழுத்துப் போட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டு விஷயத்தை அமுக்கிவிடுவாராம். போடாவிட்டால் நாலு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன்.

"போட்டுரலாமான்னு தோணுதுக்கா," என்றாள் தினேஸ்வரி. "அர்ச்சுனன் அண்ணனும் அதான் நல்லதுங்கிறாரு."

அர்ச்சுனன் யார் என்று கேட்டேன். கதிரவேலுவின் ஏழு வீடுகளுக்கும் வயரிங், ரிப்பேர், வாடகை வாங்குவது எல்லாம் அவர்தானாம். பீடோர் பக்கம் இவள் பிறந்த அதே ரப்பர் தோட்டத்து ஆள். தோட்டத்தை விற்றபோது இவள் குடும்பத்துக்கு இந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் அவர்தான். காலையிலிருந்து ஆறு தடவை போன் போட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். எனக்கு என் சொந்த அண்ணனே வருஷத்துக்கு ஒரு தடவைதான் போன் போடுவான், அதுவும் கார் இரவல் கேட்டு.

அக்கா ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார். "கையெழுத்து மட்டும் போட்டுறாத. அமுக்கிருவேன்னு அவரு சொல்றது வாய் வார்த்த. கடுதாசி அப்படியா? நாளைக்குக் கம்பெனி கேட்டா அதத்தான் எடுத்து நீட்டுவாரு. அப்புறம் உனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல. ஸ்டோரக் காட்டு."

ஸ்டோருக்கு வாசல் பின் சந்தில். பக்கத்தில் டோபி கடை, அங்கே சலவை மெஷின்கள் நாள் முழுக்கக் கடகடவென்று ஓடுகின்றன. ஸ்டோருக்குள் கல்யாண பேண்ட் வாசித்தாலும் வீட்டுக்குள் கேட்காது. தினேஸ்வரி இதற்குள் போனதே இல்லை என்றாள், சாவியே அவளிடம் இல்லையாம். சாவியை இரண்டு வருஷத்துக்கு முன்பே அவளிடம் கொடுத்தாயிற்று, அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை என்கிறார் கதிரவேலு. யார் சொல்வதை நம்புவது? சோதனைக்கு வந்தவர்கள் உடைத்த பூட்டு தரையில் கிடந்தது.

உள்ளே இரும்பு ராக்குகள் காலி. தூசிக்கு நடுவே சுத்தமான சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தன, மெஷின்கள் இருந்த இடம். வயரையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு சாம்பல் நிற சுவிட்ச் பெட்டி மட்டும் மிச்சம். கரண்ட் இருக்கும்போது அதைக் கழற்ற யாருக்குத் தைரியம் வரும்? புதன்கிழமைதான் கம்பெனி ஆட்கள் இணைப்பை வெட்டி சீல் வைத்திருந்தார்கள்.

அக்கா அதை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிஷம் கால் அசையாமல் நின்றார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"பவித்ரா, அந்தப் பெட்டி மூஞ்சியில என்ன?"

சந்தனம். காய்ந்து, ஓரம் லேசாக உதிர்ந்து, வளையமாக இருந்தது. வளையத்துக்கு நடுவில் குங்குமம். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு நேர்த்தியாக யாரும் வைத்ததில்லை என்றேன். அக்கா சிரிக்கவில்லை. ஏணியைக் கொண்டு வரச் சொல்லி ஏறி, போனில் நாலு படம் எடுத்தார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தார். போன வருஷம் ஆகஸ்டில் தயாரானது.

"ஆகஸ்டுக்கு அப்புறம் சுவிட்ச் பெட்டிக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாள் எது?"

இதற்கு ஈப்போவில் பிறந்தவன் யோசிக்க வேண்டுமா? ஆயுத பூசை. காரிலிருந்து கத்தரிக்கோல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு. என் மச்சான் டிவி ரிமோட்டுக்கு வைத்து, அது இன்றுவரை சத்தம் கூட்ட மாட்டேன் என்கிறது.

நான் தினேஸ்வரியைப் பார்த்து, நீங்கள் வைத்ததா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவள் முகம் சிறுத்துவிட்டது. எங்களை வீட்டுக்குள் கூட்டிப் போய் சாமி மேடையைக் காட்டினாள். வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு வயதானவரின் படம், மாலையுடன்.

"அப்பா செப்டம்பர் பத்தாந்தேதி தவறிட்டாரு. ஒரு வருசம் நல்ல நாள் எதுவும் கிடையாது. தீபாவளிக்கே நான் எண்ண தேய்க்கல. ஆயுத பூசைக்கு எங்க பொட்டு வைக்கப் போறேன்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார், வலிக்கிற மாதிரியே. பிறகு அவளிடம், இந்த வீட்டு மீட்டருக்கு வழக்கமாகப் பொட்டு வைப்பது யார் என்று கேட்டார். கதிரவேலு ஐயாதான் என்றாள். ஆயுத பூசையன்று கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு ஏழு வீட்டுக்கும் அவரே போவாராம். மீட்டருக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, கேட்டுக்கு எல்லாம் வைப்பாராம். இந்தத் தடவையும் வாசல் மீட்டர் பெட்டியில் பொட்டு இருந்தது. ஏணிமேல் நின்றபோதே பார்த்ததாக அக்கா சொன்னார்.

"ஆகமொத்தம் மாட்டிக்கிட்டாரு," என்றேன். "ரெண்டு வருசமா ஸ்டோர் பக்கமே போகலன்னு சொன்ன மனுசன், மூணு மாசத்துக்கு முன்னால உள்ள போய்ப் பொட்டு வெச்சிருக்காரு. கரண்டத் திருடுற பெட்டிக்கும் மரியாத குறையக் கூடாதுன்னு நெனச்சிட்டாரு போல."

"வண்டிய எடு," என்றார் அக்கா.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ஈப்போ ரோடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேலே கறுத்துக்கொண்டு வந்தது, மழை விழவும் இல்லை, விலகவும் இல்லை. அக்கா முன் சீட்டில் உட்காராமல் பாதி எழுந்த மாதிரியே இருந்தார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கதவைத் திறந்து நடந்தே போய்விடலாமா என்று பார்த்தார். பின் சீட்டில் தினேஸ்வரியின் போன் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் அர்ச்சுனன். நானும் ஐயா வீட்டில்தான் இருக்கேன், வந்து கையெழுத்தப் போடு தங்கச்சி, நான் பேசிக்கிறேன் என்றாராம். பாவம், நல்ல மனுஷன் என்று நான்கூடச் சொன்னேன்.

ஈப்போ கார்டனில் கதிரவேலுவின் வீடு. எழுபத்தாறு வயது, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி. அந்தக் கிராணி மிடுக்கு இவர் நாற்காலியில் சாய்ந்திருந்த விதத்திலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேசையில் அந்தக் கடிதம், மேலே பேனா. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், நீலச் சட்டை, பையில் கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் டெஸ்ட் பேனாவும் குறடும். தினேஸ்வரியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அர்ச்சுனன்.

அக்கா நாற்காலியைத் தொடவில்லை. போனில் இருந்த படத்தைக் கதிரவேலுவின் முகத்துக்கு நேரே காட்டி, ஸ்டோரில் இந்தப் பொட்டை வைத்தது நீங்கள்தானே என்று நேராகக் கேட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு வெற்றிக்குத் தயாராக நின்றேன்.

கதிரவேலு கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு, இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"ஆயுத பூசைக்கு நான் ஆஸ்பத்திரியில எல்லோ கிடந்தனான், பிள்ளை. நெஞ்சைத் திறந்து தைச்சவங்கள். பதினெட்டு நாள் கட்டிலை விட்டு இறங்கேல்லை. வேணுமெண்டால் பேப்பர் காட்டுறன்."

என் கை தானாகக் கட்டவிழ்ந்தது. அவமானம் என்றால் சாதாரண அவமானம் இல்லை. தினேஸ்வரி மேசையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். சுவரில் மணி மூன்று ஐம்பது. அவள் கை மெதுவாகப் பேனா பக்கம் போனது.

அக்கா மட்டும் அசரவில்லை. குரலை இறக்கி, "அப்ப இந்தத் தடவ ஏழு வீட்டு மீட்டருக்கும் பொட்டு யாரு வெச்சது, ஐயா?" என்று கேட்டார்.

கதிரவேலுவுக்கு அது பெருமையான விஷயம். படுக்கையில் கிடந்தாலும் ஒரு வீட்டையும் விடவில்லை என்றார். அர்ச்சுனனிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி உத்தரவு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கும்பிட்டாராம். போனை எடுத்து அவரே காட்டினார். பத்தொன்பது படங்கள். வாசல் மீட்டர், மோட்டார், கேட்.

அக்கா படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனார். எல்லாப் பொட்டும் வளையம். எல்லாவற்றுக்கும் நடுவில் குங்குமப் புள்ளி. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வளையத்தின் ஓரிடத்தில் சின்ன இடைவெளி, சந்தனம் ஒட்டாமல். அடுத்த படத்திலும் அதே இடைவெளி. ஸ்டோரில் நாங்கள் எடுத்த படத்திலும் அதே.

"முன்னால இருக்கிற மீட்டருக்கு நான்தான் வெச்சேன்," என்றார் அர்ச்சுனன் அவசரமாக. "ஸ்டோரப் பத்தி எனக்கு என்னா தெரியும்? அதப் பாத்து தங்கச்சியே வெச்சிருக்கும்லா."

வீட்டில் சாமி மேடையையே மூடி வைத்திருக்கிறவள் ஸ்டோரில் போய்ப் பொட்டு வைப்பாளா என்று அக்கா கேட்கவில்லை. வேறொன்று செய்தார். அர்ச்சுனனின் சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் பேனாவை உருவினார். வெள்ளிக்கிழமையாதலால் கதிரவேலு வீட்டுச் சாமி மேடையில் சந்தனம் குழைத்து வைத்திருந்தது. பேனாவின் பின்முனையை அதில் தொட்டு, தினேஸ்வரி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், அந்தக் கடிதத்தின்மேலேயே ஒரு அழுத்து அழுத்தினார்.

மஞ்சள் வளையம். நடுவில் காலி. ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி. பேனாவைத் திருப்பிக் காட்டினார். பின்மூடியின் பிளாஸ்டிக் விளிம்பில் ஒரு துண்டு உடைந்திருந்தது.

"நீங்க விரலாலதான வைப்பீங்க, ஐயா?" என்று கேட்டார் அக்கா. கதிரவேலு மோதிர விரலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "நானும் அப்படித்தான். ஊரே அப்படித்தான். வயர்மேன் மட்டும் பெட்டியில விரல் வைக்க மாட்டான். கரண்ட் இருக்கோ இல்லையோ, பழக்கம். பேனாவாலதான் தொடுவான்."

கதிரவேலு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். சாவியை இவளிடம் கொடுத்துவிட்டதாக நீதானே சொன்னாய், கடிதம் எழுதி வாங்கச் சொன்னதும் நீதானே என்றார். கோபத்தில் மூச்சு வாங்கியது. தழும்பைப் பிடித்துக்கொண்டார்.

அர்ச்சுனன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் நகர்ந்து அங்கே நின்றுகொண்டேன். நான் பெரிய வீரன் இல்லை, ஆனால் அகலமானவன். அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"மெஷின எல்லாம் எடுத்துட்டீங்க, வயர உருவிட்டீங்க," என்றேன் நான். எனக்கு இது புரிந்தே ஆக வேண்டும். "திருட்டுப் பெட்டிக்கு எதுக்குண்ணே பொட்டு?"

"பத்தொன்பது எடத்துல வெச்சேன், தம்பி. கையில சந்தனம் மீந்திருச்சி. எனக்குச் சம்பாரிச்சுக் குடுக்கிறது அது ஒண்ணுதான். சரஸ்வதி பூச அன்னிக்கி அதுக்கு மட்டும் வைக்காம கதவச் சாத்திட்டு வர மனசு வரல."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தினேஸ்வரி எழுந்து அவர் முன்னால் போய் நிற்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன்.

"செப்டம்பர்லேருந்து ஓடுதுன்னு கம்பெனிக்காரவங்க சொன்னாங்க," என்றாள். "கூரையில ஏறி, வீட்டுக்குள்ள புகுந்து வயர் இழுக்கணும்னா ஒரு நாள் வேணும். நான் எப்பவும் வீட்டப் பூட்டிட்டுத்தான் போவேன். ஒரே ஒரு நாளுதான் வீடு தெறந்து கெடந்துச்சி."

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்குப் பந்தல் லைட்டு கட்டினது நீங்க. நாங்க எல்லாரும் பொணத்தோட சுடுகாட்டுக்குப் போனோம். லைட்டக் கழட்டணும், நீங்க போய்ட்டு வாங்கன்னு சொன்னீங்க. திரும்பி வந்தப்ப வீட்டக் கழுவி வெச்சிருந்தீங்க. நான் ஒங்க கால்ல விழுந்தேன், ஞாபகம் இருக்கா? அப்பா இல்லாட்டி என்னா, இந்த அண்ணன் இருக்காருன்னு."

அர்ச்சுனனின் தோள் ஒடுங்கிக்கொண்டே போனது. ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு என்று சொல்லிக்கொண்ட ஆள். எனக்கு அந்த நேரம் அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று கை துடித்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கதிரவேலு கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு அவரே போன் போட்டு, அர்ச்சுனனின் பெயரை ஊர்ப் பேருடன் தெளிவாகச் சொன்னார். படங்கள் தன் போனில் இருப்பதாகவும், தானே வந்து வாக்குமூலம் தருவதாகவும் சொன்னார். பிறகு தினேஸ்வரியிடம் திரும்பி, மீட்டர் கணக்கைத் தன் பேருக்கே மாற்றிக்கொள்வதாகவும், கம்பெனியில் தானே பேசுவதாகவும், அவள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

"வேண்டாங்கய்யா. ஞாயித்துக்கிழம சாமானெல்லாம் எடுத்துக்கிறேன்," என்றாள்.

போலீஸ் வந்து போக ஐந்தேகால் ஆனது. மழை பிடித்துக்கொண்டது. காரில் ஏறியதும் அக்கா வழக்கம்போல அடுத்து எங்கே போவது என்று கேட்டார். எங்களுக்கு அடுத்து எங்கேயும் இல்லை. பின் சீட்டில் தினேஸ்வரி அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, கைப்பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். பயிற்சிக்குக் கொண்டு வர வேண்டிய சாமான்களின் பட்டியல். இருபது வரி. ஒன்றில்கூட டிக் இல்லை.

"ஒண்ணும் வாங்கலண்ணே," என்றாள் என்னிடம். "புதன்கிழமையிலேருந்து இதத் தொறந்தே பாக்கல. இந்த நேரத்துக்குக் கறுப்பு ஷூ எங்க கெடைக்கும்?"